ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள்

ஒலிவாங்கியைக் கையில் வாங்கிய தமிழன் அதைத் தானாகத் திருப்பிக் கொடுத்ததாக வரலாற்றில் ஆதாரம் இல்லை. நான் ஊரில் வரலாறு படிப்பித்தவன். இந்த ஒரு விஷயத்தில் என்னை நம்பலாம். நடந்த பிழையில் ஒரு பங்கையாவது நம் ஆட்களின் பொதுப் பழக்கத்தின் தலையில் கட்டிவிட முடியுமா என்று இரண்டு வருடமாக முயன்று பார்த்தேன். முடியவில்லை. பழக்கம் எல்லாருக்கும் உண்டுதான். ஆனால் அன்றைக்கு ஒலிவாங்கி என் கையில் இருந்தது.

நாங்கள் இருப்பது டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற சிறு நகரத்தில். ஒரு காலத்தில் வீதிக்கு ஒரு துணி ஆலை இருந்த ஊர். என் மனைவி பவளம் இங்கே இருபத்தாறு வருடம் பனியன்களுக்கு விளிம்பு தைத்தாள். நானும் அதே ஆலையில் ஆறு வருடம் பெட்டி கட்டினேன். பிறகு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கும் வேலை கிடைத்தது. பெட்டி கட்டிய காலத்திலும் எங்கள் ஆட்கள் என்னை ‘மாஸ்டர்’ என்றே கூப்பிட்டார்கள். என் நோய் அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். பெட்டி கட்டுகிறவனை மாஸ்டர் என்று கூப்பிட்டால், பெட்டியைத் தவிர வேறு எதிலாவது அவன் மாஸ்டராக வேண்டியிருக்கிறது அல்லவா?

நான் தேர்ந்தெடுத்தது சினிமா. அதுவும் சும்மா சினிமா அல்ல. ஸ்கண்டிநேவிய சினிமாவின் வரலாறு. வந்த புதிதில் நூலகத்தில் புதன்கிழமை பின்னேரங்களில் பழைய படம் காட்டுவார்கள். இலவசம், சூடான அறை, எவரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். மொழி தெரியாதவனுக்கு மௌனப்படம் போல ஒரு நண்பன் கிடையாது. அங்கிருந்து தொடங்கி, ஸ்வீடன்காரர்களின் பனியும் கடலும், டெனிஷ்காரர்களின் சோகம் பிடித்த சாப்பாட்டு மேசைகளும் என்று பதினெட்டு வருடம் புதன்கிழமை தவறாமல் போனேன். பவளத்தை ஒருநாளும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவளுக்குப் பின்னேர வேலை இருந்தது. வேலை இல்லாத புதன்கிழமைகளும் இருந்தன. அந்தப் படங்கள் அவளுக்கு விளங்காது என்று நினைத்தேன். (இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லத்தானே எழுத உட்கார்ந்தேன்.)

எங்கள் ஒரே மகள் ஆரணி கோபன்ஹேகனில் படத்தொகுப்பாளராக வேலை செய்கிறாள். அவள் சினிமாவுக்குப் போனது என் இரத்தம் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அவள் தானே ஒரு படம் எடுத்தாள். நாற்பது நிமிடம். இக்காஸ்ட் ஆலைகளில் வேலை செய்த நான்கு தமிழ்ப் பெண்கள், ஒருவர் பின் ஒருவராகக் கமராவின் முன் இருந்து கதைக்கிறார்கள். நான்காவது பெண் பவளம். கடைசிப் பதினைந்து நிமிடம் முழுக்க அவள்தான் என்று ஆரணி சொல்லித்தான் தெரியும், படத்தை நான் அதுவரை பார்க்கவில்லை.

பவளத்துக்கு நீண்ட நாளாக நீரிழிவு. அது கண்ணுக்கு ஏறி, அந்த நேரம் இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கு மாதம் ஒருமுறை வைலே நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஊசி போடப் போய் வந்தோம். இந்தக் கண் எத்தனை நாளைக்கு என்று வைத்தியர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கணினியில் ஆரணி படத்தின் தொடக்கத்தைப் போட்டுக் காட்டியபோது அவள் மூக்கு திரையில் முட்டுமளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“உதுக்குள்ள எனக்குப் புகைதான் தெரியுது, பிள்ளை. பெரிசா எங்கையும் போடேலாதோ?”

ஏலும் என்று காட்ட ஆரணி ஒரு காரியம் செய்தாள். எங்கள் நகரத்துத் திரையரங்கைத் தொண்டர்கள்தான் நடத்துகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பதினொன்றே முக்கால் வரை அரங்கை எடுத்தாள். பன்னிரண்டு மணிக்கு அங்கே சிறுவர் படம். ஒரு சனிக்கிழமை தாயைத் தனியே கூட்டிப்போய் முன்வரிசை நடுக்கதிரையில் இருத்தி, வேறு ஏதோ படத்தின் விளம்பரத்தை ஓடவிட்டுச் சோதித்தும் பார்த்தாள். பவளம் வீட்டுக்கு வந்து சொன்னாள்: “இஞ்சாருங்கோ, ஆக்களின்ர பல்லுக்கூடத் தெரிஞ்சது!”

பிறகு ஆரணி எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அப்பா, நீங்கள் ஒரு சின்ன அறிமுகம் சொல்லுங்கோ. அஞ்சு நிமிசம்.”

“அஞ்சு நிமிசத்தில என்னத்தைச் சொல்லுறது?”

“இது என்ன படம், ஆர் ஆர் வாறினம், அவ்வளவுதான். அம்மா தன்னைத் தான் திரையில பாக்கோணும். அதுக்காகத்தான் இவ்வளவும். விளங்குதோ?”

“ஓம், ஓம்.”

“சத்தியமாய்?” என்று டெனிஷில் கேட்டாள். கோபமும் பாசமும் அவளுக்கு டெனிஷில்தான் வரும்.

“சத்தியமாய்” என்று நானும் டெனிஷில் சொன்னேன். (பிற மொழியில் செய்த சத்தியம் நாக்கில் அவ்வளவு பாரமாக இருக்கவில்லை.)

அன்றே எழுதத் தொடங்கினேன். மகளின் படத்தை அறிமுகம் செய்வதென்றால், அது எந்த மரபில் வருகிறது என்று சொல்ல வேண்டாமா? மரபு என்றால் தொடக்கத்திலிருந்து. தொடக்கம் என்றால் மௌனப்படம். இரண்டு கிழமையில் முப்பத்தொரு பக்கம் ஆகிவிட்டது. பின்லாந்து ஸ்கண்டிநேவியாவில் சேருமா சேராதா என்பதற்கு மட்டும் மூன்று பக்கம்.

அதைவிட மோசமானது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வைலேயில் உள்ள ஒரு தமிழ்க் கடையில் பச்சைக் கரை போட்ட பொன்னாடை ஒன்றை நானே வாங்கினேன். வாங்கி, எங்கள் சங்கத் தலைவர் சிவலிங்கம் அண்ணையிடம் கொடுத்தேன்.

“இது ஆருக்கு, மாஸ்டர்?”

“பேச்சு முடிய எனக்குப் போர்த்திவிடுங்கோ, அண்ணை. ஆக்கள் எதிர்பார்ப்பினம்.”

சிவலிங்கம் அண்ணை என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சங்க வாழ்க்கையில் இதைவிடப் பெரியவற்றைப் பார்த்தவர். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பவளம் ஊதா நிறச் சேலை உடுத்தி, ஒன்பதரைக்கே முன்வரிசை நடுக்கதிரையில் போய் இருந்துவிட்டாள். கையில் ஒரு கைக்குட்டை. பக்கத்தில் எல்ஸெ, ஆலையில் பவளத்தின் பக்கத்து மெஷினில் இருபது வருடம் தைத்த டெனிஷ்காரி. பத்து மணிக்கு அரங்கில் இருந்தது அவர்கள் இருவரும் இன்னும் ஏழு பேரும். அழைப்பிதழில் பத்து மணி என்று ஆரணி போட்டது பத்து மணி என்ற அர்த்தத்தில். ஆனால் எங்கள் ஆட்கள் தொலைபேசியில் என்னைத்தானே கேட்பார்கள். “மாஸ்டர், உண்மையா எத்தினை மணி?” என்று கேட்ட எல்லாருக்கும் நான் சொன்னது: “ஒரு பத்தரைக்கு வந்தால் காணும்.” என் பேச்சுக்குச் சபை நிறைந்திருக்க வேண்டும் என்ற கவலை எனக்கு.

பத்து முப்பத்தைந்துக்கு அரங்கு நிறைந்தது. முதலில் மங்கள விளக்கு. நெருப்புக் கொளுத்தக் கூடாது என்று திரையரங்குப் பொறுப்பாளர் ப்ரெபென் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், குத்துவிளக்கின் ஐந்து முகத்திலும் பற்றரி மெழுகுதிரிகளை நட்டிருந்தோம். ஐந்து பிரமுகர்கள் வரிசையில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மெழுகுதிரியைத் தலைகீழாகப் பிடித்து அதை எரிய வைக்கும் ஆளியைத் தேடினார்கள். நான்காவதில் பற்றரி மாறிப் போட்டிருந்தது. பிறகு போரில் இறந்தவர்களுக்கு ஒரு நிமிட அகவணக்கம். பிறகு சிவலிங்கம் அண்ணையின் வரவேற்புரை. பத்து நாற்பத்தைந்துக்கு என் பெயரைச் சொன்னார்கள். அரங்கின் விளக்குகள் அணைந்து, ஒற்றை வெளிச்சம் என்மேல் விழுந்தது. நாசமாய்ப் போன வெளிச்சம். அதற்குள் நின்றால் எவனுக்கும் தான் ஏதோ சொல்லப் பிறந்தவன் என்று தோன்றிவிடும்.

“ஐந்து நிமிடங்களுக்குள் முடித்துக்கொள்கிறேன்” என்று தொடங்கினேன். இதைச் சொல்லித் தொடங்கிய எந்தப் பேச்சும் அரை மணிக்குக் குறைந்ததில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

நான் சொன்னவற்றில் பொய் ஒன்றும் இல்லை. படங்களுக்கு வாய் இல்லாத காலத்தில் இந்தச் சின்ன டென்மார்க்கின் படங்கள் உலகமெல்லாம் ஓடின. நடுவில் வரும் எழுத்து அட்டையை மட்டும் மாற்றினால் எந்த நாட்டானுக்கும் விளங்கியது. இங்கே ஒருத்தி கண்ணை உருட்டினால் கடல் கடந்து அழுதார்கள். பக்கத்தில் ஸ்வீடன்காரர்கள் கமராவை வெளியே தூக்கிக்கொண்டு போய், மலையையும் பனியையும் நடிக்க வைத்தார்கள். பிறகு படம் பேசத் தொடங்கியது. பேசத் தொடங்கியதும் டெனிஷ்காரன் தன் மொழிக்குள் அடைபட்டுப் போனான். அவன் சொன்னது எல்லைக்கு அப்பால் எவருக்கும் விளங்கவில்லை. “எங்களைப் போலத்தான்” என்று இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். நல்ல இடம். கைதட்டினார்கள்.

கைதட்டியிருக்கக் கூடாது.

அதோடு, சபையில் எல்ஸெ என்ற ஒரு டெனிஷ்காரி இருக்கிறாள் அல்லவா? ஒவ்வொரு பந்தியையும் தமிழில் சொல்லிவிட்டு, அவளுக்காக டெனிஷில் திரும்பவும் சொன்னேன். எல்ஸெ என்னை ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது பந்தியில் அவள் தூங்கிவிட்டாள். தூங்குகிற ஒரு கிழவிக்காக ஒரு நாட்டின் சினிமா வரலாற்றை அவளுடைய தாய்மொழியில், பிழையான உச்சரிப்பில் நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அரங்கின் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில், ப்ரெபென் நின்றார். ஓய்வுபெற்ற தச்சர், பெரிய கைகள். அவர் இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் காட்டினார். வாழ்த்துகிறார் என்று நினைத்து மேடையிலிருந்து கும்பிட்டேன். சற்றுப் பொறுத்து ஐந்து விரலைக் காட்டினார். அதற்கும் கும்பிட்டேன். கடைசியில் விரலால் தன் கழுத்தைக் குறுக்கே இழுத்துக் காட்டினார். அப்போது நான், ஸ்கண்டிநேவியப் படங்களில் மரணம் எப்படி ஒரு விருந்தாளியைப் போலக் கதவைத் தட்டி வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மனிதருக்கு உருக்கமாகிவிட்டது என்று எண்ணி மகிழ்ந்தேன்.

ஆரணி சுவரோரமாய் நின்றாள். அவள் கையசைத்தது எனக்குத் தெரிந்தது. இதில் சாட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. தெரிந்தது, ‘இன்னும் ஒரு பக்கம்’ என்று நினைத்தேன். முன்வரிசையில் பவளம் என்னையே பார்த்துச் சிரித்தபடி இருந்தாள். அவளுக்குப் பெருமை என்று அதற்கும் ஓர் அர்த்தம் வைத்தேன்.

என்னை நிறுத்தியது ஒரு மிடறு தண்ணீர். பதினேழாம் பக்கத்தில், படங்களுக்குக் குரல் வந்த கதை முடிந்த இடத்தில், தொண்டை வறண்டு தண்ணீர்ப் போத்தலைத் தூக்கினேன். அந்த இடைவெளியைப் பேச்சின் முடிவு என்று நினைத்து (அல்லது நினைத்ததாக நடித்து, அவரிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை) சிவலிங்கம் அண்ணை விரைந்து வந்து பொன்னாடையைப் போர்த்தி, அதன் இரண்டு முனையையும் என் கழுத்தடியில் இறுக்கிப் பிடித்து, “நன்றி மாஸ்டர்!” என்றார். சபை எழுந்து கைதட்டியது. நான் வாங்கிய துணியாலேயே என் வாயைக் கட்டினார்கள். அப்போதும் எனக்கிருந்த ஒரே வருத்தம், பின்லாந்து விடுபட்டுப் போனதே என்பதுதான்.

மணி பதினொன்று இருபது.

படம் தொடங்கியது. கீழே இறங்கி வந்து பவளத்துக்குப் பின்வரிசையில் இருந்தேன். முதல் பெண், இரண்டாம் பெண், மூன்றாம் பெண். விரலுக்குள் ஊசி ஏறிய கதையைச் சொல்லி அந்த மூன்றாம் பெண் சிரித்தபோது அரங்கே சிரித்தது. என் மகளின் படம் நல்ல படம். அதில் பின்னணி இசை இல்லை, அலங்கார வெளிச்சம் இல்லை. முகங்களை நம்பி எடுத்திருந்தாள். இப்படிச் செய்வோம் என்று முன்பொருநாள் சபதம் எடுத்த டெனிஷ் இயக்குநர்களைப் பற்றி இருபத்தாறாம் பக்கத்தில் எழுதியிருந்தேன் என்பது அப்போது ஞாபகம் வந்து, மனம் மறுபடி கிளுகிளுத்தது. அப்படிப்பட்ட மனிதன் நான்.

மூன்றாம் பெண் முடிந்தாள். திரை கறுத்தது. பவளம் முன்னே சாய்ந்து இருப்பது தெரிந்தது.

அரங்கின் விளக்குகள் எரிந்தன.

பதினொன்றே முக்கால். ப்ரெபென் நடைபாதையால் இறங்கி ஆரணியிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது. திறந்த கதவுக்கு வெளியே தாய் தகப்பன்மாரும் பொப்கோர்ன் பெட்டி பிடித்த குழந்தைகளும் வரிசையாக நின்றார்கள். எங்களுக்குப் பிறகு அரங்கைக் கூட்டித் துடைக்கத் தொண்டர்களுக்கு இருந்ததே கால் மணித்தியாலம். ப்ரெபென் மன்னிப்புக் கேட்டார். என்னுடைய பிழைக்கு அந்த மனிதர் என் மகளிடம் மன்னிப்புக் கேட்டதை நான் அருகில் நின்று பார்த்தேன்.

ஆட்கள் எழும்பினார்கள். பவளம் எழும்பவில்லை. வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் திருப்பி, யாரிடம் என்றில்லாமல் கேட்டாள்:

“முடிஞ்சுதோ? நான் வந்திட்டுப் போட்டனோ?”

கைக்குட்டையால் வலது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் வந்தனானோ, பிள்ளை? எனக்குத் தெரியேல்லையே.”

அந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. தான் திரையில் வந்து போய்விட்டதாகவும், தன் கண்தான் அதைப் பார்க்காமல் விட்டுவிட்டதாகவும் அவள் நினைத்திருக்கிறாள்.

“இல்லை, பவளம்” என்றேன். “நீர் இன்னும் வரேல்லை. நேரம் போட்டுது.”

“அப்பாடா!” என்று நெஞ்சில் கை வைத்தாள். சிரித்தாள். “என்ர கண்தான் போட்டுதெண்டு பயந்திட்டன்.”

எல்ஸெ விழித்து, பவளத்தின் கையைத் தட்டி, டெனிஷில் கேட்டாள்: “இன்றைக்கு உன்னைப் பற்றித்தானே என்று சொன்னார்கள்?”

ஆரணி தாய்க்கு மேற்சட்டையைப் போட்டுவிட்டாள். வெளியே வந்தபிறகு என் பக்கம் திரும்பி, அவளுடைய குழந்தைக் காலத்துத் தமிழில், மிக மெதுவாகச் சொன்னாள்: “அஞ்சு நிமிசம் எண்டுதானே அப்பா கேட்டனான்.” அவள் டெனிஷில் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு சங்க மண்டபத்தில் ரோல்ஸும் தேநீரும். அங்கே வந்து வந்து என் கையைக் குலுக்கினார்கள். “அருமையான பேச்சு, மாஸ்டர்.” “இவ்வளவு விசயம் இருக்கெண்டு எங்களுக்குத் தெரியாது.” “இதைப் புத்தகமாப் போடோணும்.” பவளம் ஒரு மூலையில் இருந்து ரோல்ஸைப் பிய்த்து மெல்ல மெல்லச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் ஒருவரும் எதையும் சொல்லவில்லை. அவள் இன்னும் வராத படம் அல்லவா அது.

ப்ரெபென் நல்ல மனிதர். ஆரணி கேட்டதும் நாட்குறிப்பைப் புரட்டி, அடுத்த காலியான ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்கு எழுதிவிட்டார். ஐந்து கிழமை தள்ளி. ஐந்து கிழமைதானே என்று நாங்களும் ஆறினோம். பவளம் ஊதாச் சேலையைக் கழுவி மடித்து, அந்த நாளுக்கென்று மேலே வைத்தாள்.

நான்காவது கிழமை, ஒரு காலை, தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றவள், “இஞ்சாருங்கோ, உந்த யன்னல்ச் சீலையை ஆர் இழுத்துவிட்டது?” என்று கேட்டாள். யன்னலில் சீலை ஒதுக்கியே இருந்தது. வெளியே நல்ல வெயில். வலது கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருந்தது. வைலேக்கு ஓடினோம். சத்திரசிகிச்சையும் செய்தார்கள். செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின.

அந்த ஞாயிற்றுக்கிழமையை ரத்துச் செய்யப் போன ஆரணியைப் பவளம் விடவில்லை. “காது இருக்குத்தானே” என்றாள்.

ஆகவே போனோம். பதினொரு பேர். விளக்கு இல்லை, வரவேற்பு இல்லை, பேச்சு இல்லை. பத்து மணிக்கு என்றால் பத்து மணிக்கு. பவளம் அதே கதிரையில், அதே சேலையில். இம்முறை நான் அவள் பக்கத்தில். மூன்று பெண்களும் முடிந்தார்கள். பிறகு திரை முழுவதும் என் மனைவியின் முகம் வந்தது. ஒரு பனை உயரத்துக்கு. நாற்பது வருடம் எனக்குப் பக்கத்தில் இருந்த அந்த முகத்தை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. சின்னதாகவாவது ஒழுங்காகப் பார்த்தேனா என்பதும் சந்தேகம்.

குனிந்து அவள் காதில் சொல்லத் தொடங்கினேன்: “நீர் இப்ப வந்திட்டீர். சமையலறையில இருக்கிறீர். நீலச் சட்டை. பின்னாலை யன்னல்...”

அவள் என் முழங்காலில் கையை வைத்தாள்.

“சும்மா இருங்கோ. நான் கதைக்கிறன்.”

திரையில் அவள் கதைத்தாள். ஆலையைப் பற்றி, எல்ஸெ படிப்பித்த கெட்ட டெனிஷ் வார்த்தைகளைப் பற்றி. (எல்ஸெ விழித்திருந்தாள், சத்தமாகச் சிரித்தாள்.) பிறகு கமராவுக்குப் பின்னாலிருந்து ஆரணியின் குரல் கேட்டது: “அப்பா படம் பாக்கப் போற நேரம் நீங்கள் என்ன செய்வியள்?”

“எனக்குப் பின்னேர ஷிப்ற். ஒருநாள் மெஷின் பழுதாகி வேளைக்கு விட்டிட்டினம். சரி, இவர் என்னதான் பாக்கிறார் எண்டு பாப்பம் எண்டு வாசிகசாலைக்குப் போனன். கதவில ஒரு கண்ணாடி. அதுக்குள்ளால பாத்தனான். ஆரோ ஒரு பொம்பிளையின்ர முகம், சத்தமில்லாத படம். இவர் கடைசி வரிசையில தனிய இருந்து அழுதுகொண்டிருந்தார். தோள் குலுங்குது. நான் உள்ளுக்குப் போகேல்லை.”

“ஏன் அம்மா?”

“போனால் நிப்பாட்டிப் போடுவாரே. வீட்டில இவர் ஒருநாளும் அழுததில்லை. அழுறதுக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு, அது அவருக்கு இருக்கட்டுமெண்டு விட்டிட்டன். அதுக்குப் பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு நான் கேக்கேல்லை.” தலையைச் சரித்து, “ஆனால் ஆசை இருந்தது” என்றாள்.

அன்றைக்கு எந்தப் படம் ஓடியது என்று எனக்கு நினைவில்லை. எதற்கு அழுதேன் என்பது தெரியும். அந்தக் குளிர்காலம் ஊரில் என் தகப்பன் இறந்தார். எங்கள் விசா வழக்கு முடியாததால் நான் போகவில்லை. அதை நான் ஒருவருக்கும் காட்டியதில்லை என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வரை நம்பியிருந்தேன். ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்கு முப்பத்தொரு பக்கம் தேவைப்பட்டது. அவள் கதவுக்கு வெளியே நின்று ஒரு பார்வையில் பார்த்து, முப்பது வருடம் வாயைத் திறக்காமல் வைத்திருந்தாள். அதை அவள் எனக்குச் சொல்லத் தேர்ந்தெடுத்த இடத்தைத்தான் நான் முதல் தரம் பேசியே தின்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் கேட்டேன்: “அண்டைக்கு நான் பேசேக்குள்ள என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டிருந்தீர். உமக்குக் கோவம் வரேல்லையோ?”

“வந்ததுதான். ஆனால் அந்த வெளிச்சத்தில உங்கடை முகம் நல்லாத் தெரிஞ்சது. கன காலத்துக்குப் பிறகு. பல்லு விழுந்த இடம்கூடத் தெரிஞ்சது. சரி, என்ர முகம் வரும்வரைக்கும் இதைப் பாப்பம் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”

இப்போது இந்தக் கதை எங்கள் வீட்டுச் சொத்து. ஆரணி கோபன்ஹேகனிலிருந்து வந்தால், சாப்பாட்டு மேசையில் நான் வாயைத் திறந்தவுடன் ப்ரெபெனைப் போலப் பத்து விரலையும் காட்டுகிறாள். சங்கத்தில் ஒரு பேச்சு நீண்டால் சிவலிங்கம் அண்ணை, “பொன்னாடையை எடுக்கட்டோ?” என்று கேட்கிறார். ஆனால் எல்லாவற்றிலும் அதிகமாக ஓடுவது பவளத்தின் பகிடிதான். கோல்டிங்கிலிருந்தோ எங்கிருந்தோ புதிதாக யாராவது வந்து, “அக்கா, உங்களுக்குக் கண் சுத்தமாத் தெரியாதோ?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டால், அவள் உடனே முகமலர்ந்து சொல்வாள்:

“ஓம் பிள்ளை. நான் கடைசியா வடிவாப் பாத்தது இவரின்ர வாயைத்தான். முப்பத்தைஞ்சு நிமிசம். ஒருக்காலும் மூடுப்படேல்லை.”

வந்தவர்கள் வெடித்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சும்மா புன்னகைத்தால் போதாது, அவளுக்குத் தெரியாது. ஆகவே அவள் கேட்கும்படி, சத்தமாக.